இன்னும் ஒரு மில்லி

"இன்னும் ஒரு மில்லி குறைங்க," என்றார் மேலாளர், லேப்டாப் மாதிரியை மூக்குக்கு நேராகப் பிடித்தபடி.

ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் மல்லுக்கட்டுவதால் அலுவலகத்தில் அவருக்கு 'மில்லி சார்' என்றே பெயர். ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த வடிவமைப்பாளருக்கு மூச்சு முட்டியது.

"இதுக்கு மேல குறைச்சா ஃபேனை எடுக்கணும் சார்."

"எடுங்க. ஃபேன் கேட்டு யார் அழுதாங்க?"

எடுத்தாள். மாதிரி மெலிந்தது. சூடு ஏறியது. சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவன் அரை மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு எழுந்து உலாவினான்.

"என்னாச்சு?"

"தொடை வெந்துடுச்சு. சட்டை ஏதாவது இருந்தா குடு, இதுலயே தேய்ச்சுத் தரேன்."

சூட்டைக் குறைக்க வேகத்தைக் குறைத்தாள். ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்றாயிற்று. மில்லி சார் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"பேட்டரி கொஞ்சம் பூசினாப்பல இருக்கே."

பேட்டரியும் இளைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் உயிரை விட்டது. பக்கவாட்டுத் துளைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் அடைத்தார்கள். மவுஸுக்கு ஒரு வயர், பெரிய திரைக்கு ஒரு வயர் என்று பதினோரு வயர்கள் சேர்ந்தன. அவற்றைப் போட ஒரு பை. பை லேப்டாப்பைவிடக் கனத்தது.

"லேப்டாப் மெல்லிசுதானே? பை நம்ம கணக்குல வராது," என்றார் சார்.

பள்ளிகளுக்கு மொத்தமாக வாங்கும் ஓர் அம்மாள் பார்வையிட வந்தார். இந்த ஆர்டர் கைநழுவினால் வடிவமைப்பாளரின் நாலு பேர் குழுவையே கலைத்துவிடுவார்கள். சார் ஒரே துளையில் ப்ரொஜெக்டரைச் செருகினார். சார்ஜருக்கு இடமில்லை. பதினோரு வயர்களில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வயர் மட்டும் இல்லை. ஏற்கெனவே தீரும் நிலையில் இருந்த பேட்டரி ஏழாவது நிமிடம் அடங்க, திரை இருண்டது.

வடிவமைப்பாளர் எழுந்து தன் மேசைக்குப் போனாள். வெட்டிப்போட்ட எதையும் விட மனசு வராமல் அவள் தனியாக ஒரு மாதிரி செய்து வைத்திருந்தாள். ஃபேன், முழு பேட்டரி, நாலு துளை. அதைக் கொண்டுவந்து அந்த அம்மாள் முன் வைத்தாள்.

"கொஞ்சம் தடிதான் மேடம்."

அந்த அம்மாள் அதை மடியில் வைத்து ஒரு மணி நேரம் தட்டினார். சுடவில்லை, திணறவில்லை.

"எங்க டீச்சருங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இதோடதான் மாரடிக்கணும். இதையே குடுங்க. ரெண்டாயிரம் வேணும்."

அவர் போனதும் சார் அந்த மாதிரியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இப்படி ஒண்ணு நம்ம கம்பெனியில இதுவரைக்கும் வந்ததே இல்லம்மா. பெருமையா இருக்கு."

கால் தரையில் படாமல் பேக்கிங் பிரிவுக்குப் போனாள் வடிவமைப்பாளர்.

"புதுப் பெட்டிக்கு அளவு எடுத்துக்கறீங்களாக்கா?"

பேக்கிங் அக்கா லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்துவந்தார். லேப்டாப் அதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"புதுசு எதுக்கும்மா? மூணு வருஷத்துக்கு முன்னாடி தடியா இருக்குன்னு சார் நிறுத்தினாரே, அந்த மாடல் பெட்டியே கோடவுன் நிறையக் கிடக்கு."