அங்கிட்டு மாட்டிய விமான டிவி

உலகத்தில் நடக்கிற தப்பு அத்தனையும் தன் கம்ப்யூட்டருக்கு வெளியேதான் நடக்கிறது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடியவன் அவன். எதைக் கேட்டாலும், "தப்பு இங்கிட்டு இல்லம்மா, அங்கிட்டு" என்பான். விமான நிலையத்துக்குப் பக்கத்து அவனியாபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு அங்கிட்டு என்றே பெயர்.

ஸ்டாண்டை ஒட்டி என் இட்லிக் கடை. கடை மாடியில்தான் குடியிருந்தான். விமானம் இறங்கும் நேரத்தைக் காட்ட என் கடை வாசலில் ஒரு டிவி மாட்டினான். எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் நேரங்களை எக்ஸ்எம்எல் என்று கட்டி அனுப்புமாம். இவன் எழுதிய புரோகிராம் அதைப் பிரித்துக் காட்டுமாம். டிரைவர்கள் தயங்கினார்கள். நம்பிப் போங்கப்பா, நான் பொறுப்பு என்றேன். என் பேச்சை அந்த ஸ்டாண்டு அதுவரை தட்டியதில்லை.

ஒரு நாள் பெங்களூரு விமானம் பதினொரு மணிக்கு என்று காட்டியது. போனால், பத்துக்கே இறங்கி, சவாரியெல்லாம் கிளம்பிவிட்டது. மறுவாரமும் அதே கூத்து.

"டிவியைக் கழட்டிரு ஆத்தா. இனிமே நீ சொன்னாலும் கேக்க மாட்டோம்" என்றார் மூத்த டிரைவர்.

கரண்டியோடு மாடி ஏறினேன். வழக்கம்போல் அங்கிட்டுத் தப்பு என்றான். எப்படிப் பிரிக்கிறாய் என்று சொல்லு என்று உட்கார்ந்துவிட்டேன்.

"டப்பா டப்பாவா வரும்மா. ஒவ்வொண்ணுலயும் ஊர்ப் பேரு இருக்கும்."

"பேரைப் பாத்து எடுக்குறியா?"

"எதுக்கு? மொதல்ல இலங்கை, ரெண்டாவது பெங்களூரு, மூணாவது சென்னை. தினமும் அதே வரிசைதான். எண்ணி எடுத்துருவேன்."

"அந்த ரெண்டு நாளும் மொதல்ல வர்ற இலங்கை விமானச் சத்தமே கேக்கலையேப்பா."

விமானம் ரத்தானால் அந்த டப்பாவே வராது என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ரெண்டாவதாக வந்த சென்னை நேரத்தை அல்லவா பெங்களூருக்குக் காட்டியிருக்கிறான்! எனக்கு வந்ததே கோபம்.

"நான் படிக்காதவ. அடுக்குல மூணாவது டப்பா மொளகாப்பொடின்னு எண்ணித்தான் எடுக்கணும். அம்புட்டுப் படிச்ச உனக்கு என்னப்பா கேடு?"

அங்கேயே உட்கார்ந்து பேரைப் பார்த்து எடுக்கும்படி மாற்றினான். பிறகு தானே கீழே இறங்கி, அம்மா மேல குத்தமில்லண்ணே, தப்பு என்னோடதுதான் என்று டிரைவர்களிடம் சொன்னான். டிவி தப்பியது. என் மரியாதையும் தப்பியது.

இப்போது அவனுக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒரு தடவை போன் செய்து, டிவி ஏதும் தப்பாகக் காட்டுகிறதா என்று கேட்பான். எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று வீறாப்பாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவேன். ஒரு நாளாவது தப்பாகக் காட்டினால்தான் என்ன, வந்து பார்த்துவிட்டுப் போவானே.