எட்டாவது மாடிப் பாட்டின் உட்பொருள்

ராப் பாடகர்கள் பாட்டை மட்டுமே எழுதுகிறார்கள். அதற்கு அர்த்தம் வழங்கி உலகைக் காப்பது என்னைப் போன்றவர்கள்தான். தூரின் நகரில் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஓர் இணைய இதழில் வாரந்தோறும் ஒரு பாட்டின் 'உட்பொருளை' வெளியே எடுத்துப் போடுகிறேன்.

இந்தக் கோடையில் இத்தாலியே முணுமுணுத்த பாட்டு, எங்கள் குடியிருப்பில் வளர்ந்த மிர்கோவினுடையது.

'மேல போறேன், எட்டாவதுக்கு, மூச்சு முட்ட மேல போறேன்;
முதல் மாடி கதவச் சாத்தித் தூங்குது.
ஒருநாள் ஜெயிப்பேன் அம்மா, உன்ன வெளிய கூட்டிட்டுப் போவேன்.'

எட்டாவது மாடி என்பது புகழ், அம்மா என்பது அடைபட்டுக் கிடக்கும் ஆன்மா, முதல் மாடி என்பது லட்சியமற்ற சோம்பல் மனம் என்று விளக்கினேன். எழுதும்போது கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே கலங்குவது வழக்கம்.

அந்த வாரமே குடியிருப்போர் கூட்டம், கீழே சைக்கிள் அறையில். முதல் அழைப்புக்கு, மரபுப்படி, யாரும் போகவில்லை. இரண்டாவதற்கு வந்தவர்கள் மட்டுமே முடிவெடுக்கலாம் என்பதால் அதற்குப் போனோம். பொருள்: குளிர்காலத்திலிருந்து ஓடாமல் நிற்கும் லிஃப்ட்.

நிர்வாகி ஜெரோமெத்தா கண்ணாடியைத் துடைத்தார். "எட்டாவது மாடி சிஞ்ஞோரா இவானா, நம்ம மிர்கோவோட அம்மா, இந்தத் தடவையும் வரல. ஆர்வமில்லன்னு எழுதிக்கறேன்."

"அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு சார்! லிஃப்ட் ஓடினாத்தானே வருவாங்க?" என்றான் மிர்கோ.

"அதப் பத்திப் பேசணும்னா அவங்க இறங்கி வரணுமே தம்பி."

"என் பாட்ட ஊரே கேக்குது, இந்தக் கூட்டம் கேக்க மாட்டேங்குது. இந்தாங்க, அம்மா கையெழுத்துப் போட்ட கடுதாசி, அவங்க ஓட்ட என்னையே போடச் சொல்லிட்டாங்க."

லிஃப்டைப் பழுதுபார்ப்பதா வேண்டாமா என்று ஓட்டு எண்ணினார்கள். ஆதரவும் எதிர்ப்பும் சமம். மிச்சம் நான் ஒருத்திதான். இந்தச் சமயத்துக்குப் பொருத்தமாக, ஏறுதலின் தத்துவம் பற்றிச் சில வார்த்தைகள் பேசினேன்.

"உங்க கட்டுரைய அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சிஞ்ஞோரா," என்றான் மிர்கோ. "'நான் ஆன்மாவும் இல்ல, கீன்மாவும் இல்லடா, எனக்கு சந்தைக்குப் போகணும், அவ்வளவுதான்'னு சொல்லச் சொன்னாங்க."

"அப்போ... அந்த முதல் மாடி?"

"நீங்கதான். உங்க வீடு எந்த மாடி? வேலை நடந்தா சத்தம் வரும், உள்மனசோட பேச முடியாதுன்னு போன கூட்டத்துல தடுத்தது யாரு?"

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் என் உள்மனதைப் பார்த்தேன். அது வழக்கம்போல என் பக்கம்தான் இருந்தது. லிஃப்ட் ஓடத் தொடங்கினால் இவானா சந்தைக்குப் போய்விடுவாள். பிறகு என் கட்டுரைக்கு ஆன்மாவாக யார் அடைபட்டுக் கிடப்பது?

இலக்கியத்தின் பொருட்டு, கனத்த மனத்துடன், எதிர்த்துக் கை தூக்கினேன்.