நான் கவிழ்த்த அரசாங்கம்

நான் ஒரு அரசாங்கத்தைக் கவிழ்த்திருக்கிறேன். பொய்யில்லை, மத்திய அரசாங்கம். என்ன, பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியின் மேடையில் அரைமணி நேரம் மட்டும் நடந்த அரசாங்கம். அதற்காக நான் பட்ட அவமானத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் மட்டும் இன்றைக்கும் மாட்டேன்.

கல்லூரிகளுக்கிடையே மாதிரி நாடாளுமன்றப் போட்டி. வரலாற்றுத் துறை எமிலி மிஸ் வசனம் எழுதியிருந்தார். நான் எதிர்க்கட்சித் தலைவர் (தொண்டை பெரிது என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது). என் அறைத்தோழி கிரேஸ் பிரதமர். நான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து, விலைவாசி பற்றிக் கொஞ்சம் முழங்கி, வாக்கெடுப்பில் தோற்க வேண்டும்.

"அரசாங்கத்தக் கேள்வி கேக்கத்தான் தீர்மானம். கவுக்கதுக்கு இல்ல, பாத்துக்கோ" என்று மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஆளுங்கட்சிப் பெண்கள்தான் ஒத்திகையில் மிஸ்ஸின் உயிரை வாங்கினார்கள். மேசையைத் தட்ட வேண்டிய இடத்தில் கொட்டாவி விடுவார்கள். வெறுத்துப்போன மிஸ் ஒரே சட்டம் போட்டார்: "ஒருத்தியும் யோசிக்காண்டாம். கிரேஸ் எந்திச்சா எந்திங்க, உக்காந்தா உக்காருங்க." (நிஜக் கட்சிகளிலும் இதைத்தான் கட்டுப்பாடு என்கிறார்கள்.)

கிரேஸுக்குச் சொந்த ஊர் மலைமேல் இருக்கும் மாஞ்சோலை. அப்பா, அம்மா இருவருக்கும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. வங்கித் தேர்வுக்காக அவள் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஆனால் வகுப்பு முடிவதற்குள் விடுதிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வார்டனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு ஆறு மணிக்கு மேல வெளிய என்ன சோலி?" என்பதோடு பேச்சு முடிந்தது. வேலை கிடைக்காவிட்டால் அவளும் பஸ் ஏறி மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டியதுதான். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடும், மிஸ்ஸிடம் இரவல் வாங்கிய கஞ்சி போட்ட சேலையோடும் மேடை ஏறினேன். முன்வரிசையில் கல்லூரி முதல்வர், நடுவர்கள், வார்டன். விலைவாசி என்று ஆரம்பித்தவள், வசனத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! நாட்டில் பாதிப் பேரை ஆறு மணிக்கே அடைத்துப் பூட்டும் இந்த அரசின் மீது எங்களுக்கு நம்பிக்கை இல்லை!"

அரங்கத்தில் விசில் பறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தலைக்கனம் விடுமா? விரலை நேராக வார்டனை நோக்கி நீட்டி, பக்கத்திலிருந்த சபாநாயகரின் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். செம்புத் தண்ணீர் முழுவதும் சபாநாயகரின் மடியில் கொட்டியது. அவள் ஈரச் சேலையோடு நடுங்கியபடி, "தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றாள்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பெருமையாகத் திரும்பி என் படையைப் பார்த்தேன். ஒருத்திகூட எழவில்லை. கீழே வார்டன் எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகக் குறித்துக்கொண்டிருந்தார். என் வலதுகையான பிலோமினா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எந்திங்கட்டி!" என்று பல்லைக் கடித்தேன்.

"உனக்கென்ன, உங்க ஊரு ஏரலுக்குப் பஸ் ஏறிருவ. நாங்க இங்கனதான சோறு திங்கணும்" என்றாள் அவள், நிமிராமலே.

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. தனி ஒருத்தியாக ஒரு எதிர்க்கட்சி! ஆனாலும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கிரேஸின் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றியது.

அப்போது எதிர்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிரதமர் எழுந்து நின்றாள். தன் அரசின் மீது தனக்கே நம்பிக்கை இல்லையாம். விடுதியில் உரக்கத் தும்மக்கூடப் பயப்படுகிறவள் அவள். வார்டனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் எழுந்ததும், படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்தபடியே, ஆளுங்கட்சி மொத்தமும் யோசிக்காமல் எழுந்தது. நிதியமைச்சர் மேசையைத் தட்டி வரவேற்கவும் செய்தாள். எதிர்க்கட்சி உட்கார்ந்து ஆட்சியைக் காப்பாற்றப் பார்க்க, ஆளுங்கட்சி நின்று ஆட்சியைக் கவிழ்த்தது. இதற்கு வசனமே இல்லாததால் சபாநாயகர் அழுதுவிட்டாள்.

போட்டியில் கடைசி இடம். மறுநாள் முதல்வர் அறையில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். வாழைத்தார் வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏரலிலிருந்து அப்பா வந்தார். வார்டன் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்து, "ஓட்டெடுப்புல அரசாங்கத்தையே கவுத்துட்டா ஒங்க மக!" என்று முடித்தார்.

அப்பா துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்பம் தோத்தவங்க ராஜினாமா பண்ணிட்டாங்களாம்மா?"

முதல்வருக்கு இருமல் வந்துவிட்டது. அது இருமல்தானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

விடுதிக் கதவு பழையபடி ஆறு மணிக்கே சாத்தப்பட்டது. கிரேஸுக்கு மட்டும் வகுப்பு முடிந்து வர முதல்வரிடமிருந்து அனுமதி கிடைத்தது. எனக்குப் படிப்பு முடியும் வரை மேடை ஏறத் தடை. போகட்டும், மேடை என்ன பெரிய மேடை! கிரேஸ் இப்போது தூத்துக்குடியில் வங்கி அதிகாரி. எஸ்டேட்டை மூடித் தொழிலாளர்களை வெளியேற்றியபோது பெற்றோரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் யார் எந்தச் சண்டையில் தோற்றாலும், அப்பா கேட்ட அந்தக் கேள்விதான் முதலில் வரும். போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து போனில் அழைத்தார்கள். விளையாட்டு நேரத்தில் மைதானம் பையன்களுக்கு மட்டும்தான் என்றார்களாம். இவள் வகுப்புப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாளாம், பையன்களின் ஆட்டமே நின்றுபோயிற்றாம். "நீங்க கூப்பிட்டுக் கண்டிக்கணும் மேடம்" என்றார் ஆசிரியை. பக்கத்திலிருந்த என் கணவர், வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நான் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டேன்: "சரி மிஸ், ராஜினாமா எப்பம்?"