கையைச் சுட்ட ஸ்டேக்

என் வீட்டில் இன்று என்ன சாப்பாடு என்பதை நான்தான் முடிவு செய்வேன்! மேசையில் ஓங்கிக் குத்திச் சொன்னேன். மேசை ஆடியது. என் மனைவி ஆடவில்லை. என்னுடைய பழைய பேன்ட் ஒன்றைத் தையல் பிரித்துக்கொண்டிருந்தவள், நிமிராமல் பிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் மூலைக் கடை காலியாகிவிட்டது. இரண்டு தெருவுக்கும் முகம் காட்டுகிற கடை. நான் பழைய கட்டில், பழைய மின்விசிறி, பழைய ஃபிரிட்ஜ் வாங்கி விற்கிறவன். இப்போது இருக்கும் பொந்தில் ஒரு கட்டிலை விற்க நாலு கட்டிலை ரோட்டில் இறக்க வேண்டும். மூலைக் கடை கிடைத்தால் நான் மனிதன். கிடைக்காவிட்டால் நானும் ஒரு பழைய சாமான். அந்தக் கடையின் முதலாளியும் அவர் மனைவியும் அன்று மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். சந்தையில் பட்டது நிறைய. பேரம் பேசும்போது நம் பக்கத்தில் ஒரே ஒரு வாய்தான் இருக்க வேண்டும். என் மனைவி பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. “இந்த விசிறி புதுசு மாதிரி ஓடும்” என்று நான் வாயை மூடுவதற்குள், “கொஞ்சம் சத்தம் மட்டும் வரும்” என்பாள். உண்மை பேசுவது அவளுக்கு ஒரு வியாதி. மருந்தும் கிடையாது.

ஆகவே பேரம் முடிகிறவரை அவள் அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்குத் தோதான சாப்பாடு எது என்று யோசித்தேன். ஸ்டேக்! விரல் தடிமனுக்கு இறைச்சி. ஒவ்வொரு துண்டாக வாணலியில் போட்டு, பக்கத்திலேயே நின்று, திருப்பி, சுடச்சுட எடுத்து வர வேண்டும். அங்கே இங்கே நகர முடியாது.

“ஸ்டேக் எதுக்குங்க?” என்றாள். “உப்புக்கண்டம், புகை போட்ட இறைச்சி, ரெண்டும் வாங்கிட்டு வாங்க. மெல்லிசா சீவித் தட்டுல அடுக்கி, ரொட்டியோட வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. நானும் கூட உக்காந்து பேசுவேன்.”

நானும் உக்காந்து பேசுவேனாம்! என் கண்டம் அந்த உப்புக்கண்டத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

“கடை கேக்கப் போறவன் காய்ஞ்சதைப் போட்டா, ஆளே காய்ஞ்சு கிடக்கான்னு நினைப்பாங்கடி!”

“ஆறிப்போன ஸ்டேக்கைப் போட்டா மட்டும் என்ன நினைப்பாங்க?”

“ஏன் ஆறுது? நின்னு சுட்டா ஏன் ஆறுது?”

“எனக்கு அதெல்லாம் பதமா வராதுங்க.”

“என்ன பெரிய வித்தை! இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. தூக்கத்துல எழுப்பிவிட்டாக்கூட நான் சுடுவேன். ஓட்டல்ல தட்டு கழுவினப்போ பார்த்தே கத்துக்கிட்டவன் நான்!”

அவள் கை நின்றது. “நிஜமாவா? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? என்னை மாதிரி சுடறதுக்கு இந்த ஊர்ல ஆளே கிடையாது!”

“சரிங்க. அப்ப ஸ்டேக்கே இருக்கட்டும்.”

ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எதிராளி சட்டென்று ‘சரி’ சொன்னால் சரக்கில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இது சந்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் மறந்து தொலைத்தது.

அதே சூட்டோடு கசாப்புக் கடைக்குப் போனேன். “என்னய்யா இது, கொழுப்பு ஜாஸ்தியா இருக்கே!” என்றேன்.

“இறைச்சிக்குத்தானே சொல்றீங்க?” என்று கேட்டான் கடைக்காரன். அவனோடு ஒரு சண்டை. எடைக்கு ஒரு சண்டை. எலும்புக்கு ஒரு சண்டை. நாலு துண்டு வாங்கிக்கொண்டு வீடு வந்தபோது என் சட்டை நனைந்திருந்தது.

முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். நாற்காலியைக்கூட சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தார். நான் தொண்டையைக் கனைத்து, மூலைக் கடைக்கு ‘மூ’ போடுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“வாங்கக்கா, வாங்கண்ணே. இன்னைக்கு அடுப்படி இவருதுதான். இவரை மாதிரி ஸ்டேக் சுட இந்த ஊர்லயே ஆள் கிடையாதாம். இவரே சொன்னாரு.”

“அட, ஆம்பளை சமைக்கிற வீடா!” முதலாளியம்மா கன்னத்தில் கை வைத்தாள். பிறகு தன் புருஷன் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்கோங்க.”

முதலாளி கேட்டுக்கொண்டார். நான் ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தபோது என் கழுத்தில் ஏதோ விழுந்தது. சமையல் அங்கி! என் தொப்பைக்கு அளவெடுத்துத் தைத்தது. குனிந்து பார்த்தேன். என் பழைய பேன்ட்! நான் மேசையைக் குத்திக்கொண்டிருந்தபோதே பாவி என்னை வெட்டித் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எனக்கு நல்லா வெந்திருக்கணும் தம்பி,” என்றார் முதலாளி.

“எனக்கு உள்ள சிவப்பா,” என்றாள் முதலாளியம்மா.

அடுப்படியில் எனக்கும் இறைச்சிக்கும் யுத்தம். முதலாளியின் துண்டு வேகவே மாட்டேன் என்றது. முதலாளியம்மாவின் துண்டு கண் சிமிட்டுவதற்குள் வெந்து தொலைத்தது. எண்ணெய் தெறித்துக் கை கொப்பளித்தது. கூடத்தில் கரண்டிச் சத்தமும் சிரிப்பும். நடுவில் ‘மூலைக் கடை’ என்று என் மனைவியின் குரல் கேட்டது. இடுக்கியும் கையுமாக வெளியே பாய்ந்தேன்.

“அண்ணே, அந்தக் கடை விஷயமா—”

“ஏங்க, கருகுற வாசனை வருதுங்க,” என்றாள் மனைவி.

திரும்ப ஓடினேன். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை.

“வேகுடா சனியனே!” என்று வாணலியைப் பார்த்துக் கத்தினேன். “உனக்கு என்னடா அவ்வளவு திமிர்? வெட்டிப் போட்டுடுவேன்!”

கூடத்தில் சிரிப்பு நின்றது.

“யாரைத் திட்டுறாரு?” முதலாளியின் குரல்.

“இறைச்சியைத்தாண்ணே.” நான் சொன்னேனே, உண்மை வியாதி!

“இறைச்சியையேவா?”

விருந்தாளிகள் துண்டு இரண்டையும் எப்படியோ பதமாக்கி ஓடி ஓடி வைத்துவிட்டு, மூன்றாவது தட்டோடு மூச்சிரைக்க நான் வெளியே வந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டேக் பிரமாதம் தம்பி,” என்றார் முதலாளி. “கடை விஷயமும் முடிஞ்சுது.”

“எனக்கா?”

“இந்தத் தங்கச்சிக்கு.” என் மனைவியைக் காட்டினார். “தையல் கடை போடப் போகுது. உங்களுக்குக் கொடுக்கலாம்னுதான் வந்தேன். ஒரு துண்டு இறைச்சிகிட்டயே இவ்வளவு சண்டை போடுறீங்க. வாடகை கேட்டு வந்தா என்னை அந்த வாணலியில போட்டுடுவீங்க.”

அவர்கள் தெரு திரும்புகிறவரைதான் பொறுத்தேன். இடுக்கியைத் தரையில் அடித்தேன்.

“துரோகி! எனக்காகப் பேசியிருக்க வேண்டியதுதானே!”

“பேசினேங்க. தங்கமான மனுஷன், கோபமே வராதுன்னு சொல்லிட்டிருந்தேன். அப்பப் பார்த்து நீங்க கத்துனீங்க. அதுக்கு மேல பொய் சொல்ல எனக்கு வராதே. வந்த கடையை விடவும் மனசு வரலை. எனக்கே கேட்டுட்டேன்.”

“வாடகை? சொன்ன வாடகைக்குத் தலையாட்டியிருப்பே!”

“பாதிக்குக் குறைச்சுட்டேன்.”

பாதி! எனக்குக் கோபம்கூட ஒரு கணம் நின்றுவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தியும் எவனும் எனக்குப் பாதிக்கு இறங்கியதில்லை.

“எப்படிடி இறங்கினாரு? என்ன கொடுத்தே?”

“அக்காதான் ஆசைப்பட்டாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க அவங்க வீட்டுக்குப் போய் ஸ்டேக் சுட்டுத் தரணும்.”

வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவன் நான். என்னைத் தூக்கிக் கொசுறாகப் போட்டுவிட்டாள்.