பொருத்தம் மாமியும் பொருந்தாத கம்ப்யூட்டரும்

பொருத்தம் மாமி தலையாட்டாமல் மயிலாப்பூரில் எந்த மாப்பிள்ளையும் மாலைக்குக் கழுத்தை நீட்டியதில்லை. தி.நகரில் நான் வேலை பார்த்த திருமணத் தகவல் மையத்தில் ஜாதகப் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ஜோசியர்களை மாமி நம்பமாட்டார். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் யாரோ எழுதிக்கொடுத்த ப்ரோக்ராம் ஒன்றைத்தான் நம்புவார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மௌஸைத் தொடவே மாட்டார். "எலியைத் தொட்ட கையால ஜாதகத்தைத் தொடப்படாது!"

ஒருநாள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதியதைக் கொண்டுவந்த மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"மாமி, உன் ப்ரோக்ராம் பதினாறு பிட்டு. இந்த மெஷின் அறுபத்துநாலு. ஒத்தே வராது. புதுசு ஒண்ணு சோக்கா கீது, போட்டுத் தரட்டா?"

"எங்கிட்டயே பொருத்தம் இல்லேங்கறியா? பரிகாரம் ஏதாவது இருக்கும், பாரு!"

இருந்தது. பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்து நான் போட்டேன். கறுப்புத் திரை தெரிந்ததும் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே இரண்டு குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. எல்லோருக்கும் காபி வந்தது. பையன் ஆதம்பாக்கம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணை விரும்பிவிட்டான். "மாமி சரின்னா சரி. இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று அவன் அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

மாமி விவரங்களைத் தட்டினார். முடிவை ஃபைலில் எழுதும் நேரத்தில் திரையில் வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

"என் ஃபைல்ல நான் எழுத இவன் யாருடா அனுமதி தர?"

"ப்ரோக்ராம் வைக்கிற இடத்தைப் புது கம்ப்யூட்டர் பூட்டி வெச்சிருக்கும் மாமி. அங்கே போய் எழுத விடாது."

"கர்ப்பக்கிரகம் மாதிரியா?"

"அப்படித்தான்."

"அப்போ பிராகாரத்துக்குக் கொண்டு வா."

அவருடைய சொந்த ஃபோல்டருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். முடிவு வந்தது: மத்திமம்.

பையனின் அப்பா எழுந்துவிட்டார். பெண் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். மாமி கையை நீட்டித் திரையை அணைத்தார்.

"உக்காருங்கோ சார். இது நக்ஷத்திரத்தை மட்டுந்தான் பார்க்கும். அவ டம்ளர்ல ஈ விழுந்ததும் உங்க பிள்ளை தன் காபியை அவ பக்கம் நகர்த்தினானே, அதைப் பார்க்க இதுக்கு அனுமதி கிடையாது. நான் பார்த்தேன். உத்தமம்!"

பையனின் அப்பா மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தை மாதமே கல்யாணம். பந்தியில் மாமிக்கும் எனக்கும் முதல் இலை.

மாமி இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். அவ்வப்போது போன் வரும்.

"கம்ப்யூட்டர் சௌக்கியமா?"

"நானும் சௌக்கியம்தான் மாமி."

"உன்னை யார் கேட்டா?" என்பார். கொஞ்சம் இருமிவிட்டு, "சாப்டியோ?" என்பார்.

சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவார்.