நான்கு விநாடிக் கேக்

கிளிஃபர்ட் ஆறு மணிக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்தான். பன்னை டீயில் நனைத்துத் தின்றான். எட்டு மாதமாக இதே காலைதான். இன்று கூடுதலாக ஒரு வேலை இருந்தது. நீல நிறத்தில் ஒரு கேக்.

அவன் மனைவி மெர்சி செல்போனில் ஆடிய நிலாத்தீவு விளையாட்டில் வரும் கேக் அது. மூன்று முட்டை, ஒரு குவளை பால், ஒரு கைப்பிடி நிலாப்பூ. தொட்டால் நான்கே விநாடியில் வெந்துவிடும்.

ஆபரேஷனுக்கு அவளை உள்ளே கொண்டுபோனபோது கிளிஃபர்ட் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தான். அவள் திரும்பி வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் தங்கை மௌரீன் மட்டும்தான். "என் பர்த்டேக்கு அவரை அந்த நிலாக் கேக்கைச் செய்யச் சொல்லு." இதுதான் அக்கா கடைசியாகச் சொன்னது என்று மௌரீன் போன மாதம் வந்தபோது சொன்னாள்.

இன்றுதான் அந்தப் பிறந்தநாள். தங்கவயலிலிருந்து மௌரீன் பதினொரு மணி ரயிலில் வருகிறாள்.

நிலாப்பூ பொம்மனஹள்ளியில் கிடைக்காது. வீட்டுக்கார யசோதாவின் தொட்டியில் சங்குப்பூ கிடைத்தது. பாலில் கொதிக்கவிட்டதும் அருமையான நீலம். முட்டையை ஊற்றியதும் பச்சை.

யசோதா எட்டிப் பார்த்தாள். "அய்யோ தேவரே! என்னப்பா இது, தண்ணித் தொட்டி கழுவினியா?"

"கேக்கு ஆன்ட்டி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கலர் திரும்பிடும். நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்."

உண்மைதான். அவன் வேலை பார்க்கும் சோப்பு கம்பெனி லேப்பில் அவன் சொல்தான் இறுதி. பிழிந்தான். பச்சை திரும்பி, சேற்று நிறத்தில் நின்றது.

"புளிப்பு ஜாஸ்தி. சோடா போட்டா சரியாயிடும்."

போட்டான். கலவை நுரைத்துப் பொங்கி, மேடையில் வழிந்து, யசோதாவின் கால்வரை வந்தது. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மிஞ்சியதை ஓவனில் வைத்தான். எவ்வளவு நேரம்? விளையாட்டில் ஒரு நாள் என்பது பத்து நிமிடம். அந்தக் கணக்கில் நான்கு விநாடி என்பது நிஜத்தில் ஒன்பது நிமிடம் முப்பத்தாறு விநாடி. இருமுறை சரிபார்த்தான். தப்பே இல்லை.

சரியாக அந்த விநாடியில் எடுத்தான். நடுவில் கஞ்சி. சூட்டை முழுதாக ஏற்றி மறுபடி வைத்தான். மேலே கரி. நடுவில் இன்னும் கஞ்சி.

மௌரீன் வந்ததும் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். "என்ன மாமா தீயுது?"

"தீயல. ஆயிடுச்சு. உட்காரு."

ஒரு துண்டை வாயில் போட்டாள். மெல்லவில்லை.

"எப்படி இருக்கு?"

"சோப்பு மாதிரி இருக்கு மாமா."

"சோடா கொஞ்சம் தூக்கல். அடுத்த வருஷம் குறைச்சிடலாம்."

"அடுத்த வருஷமா?"

"வருஷா வருஷம் செய்வேன். அவ கடைசி ஆசையாச்சே. நீதான் முதல்ல சாப்பிடணும்."

மௌரீன் வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள்.

"மாமா, நான் பொய் சொன்னேன். அக்கா கேக்கைப் பத்திப் பேசவே இல்ல. பன்னும் டீயுமா கிடந்தீங்க. பார்க்க முடியல. எதையாவது கிண்டிக்கிட்டாவது இருக்கட்டும்னு நானாத்தான் சொன்னேன்."

கிளிஃபர்ட் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்போ நிஜமா என்னதான் சொன்னா?"

மௌரீன் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"'நான் திரும்பி வர்ற வரைக்கும் அவரை அடுப்புப் பக்கம் விட்டுடாதே.'"