மீனம்மாள் கட்டிவைத்த கடலை

பெத்தன் கடலை மூட்டையின் வாயைப் பிரித்தார். கடலைக்குள்ளிருந்து வண்டுகள் வரிசையாக வெளியே வந்தன. "யாருய்யா நீ?" என்று கேட்பதுபோல் ஒன்று அவர் புறங்கையில் ஏறி நின்றது.

அமராவதிபுதூரில் பெத்தன் வீட்டுக் கடலைக்குத் தனிப் பேர். மார்கழியில் பறித்தது ஆடி கடந்தும் நேற்றுப் பறித்ததுபோல் இருக்கும். "எல்லாம் என் வீட்டுக்காரி கைராசி" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிவார். ஒரு தடவை எழவு வீட்டில்கூடச் சொன்னார்.

அந்த மீனம்மாள் மாசியில் காய்ச்சல் கண்டு படுத்தாள், எழுந்திருக்கவேயில்லை. அவள் கையால் கட்டிவைத்த கடைசி மூட்டை இது. பிரிக்க மனசு வராமல் மூலையிலேயே விட்டுவைத்திருந்தார். இப்போது மகள் உமையாள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள். 'வாய்க்கு எதுவுமே பிடிக்கலை. அம்மா வச்ச கடலைன்னா ஒரு பிடி திம்பேன்' என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"உரிச்சு வெயில்ல போடுங்க மாப்ளே, வண்டு ஓடியே போகும்" என்றார் பக்கத்துக் காட்டுச் சின்னக்கருப்பு.

விரல் நகம் தேய உரித்துக் களத்தில் பரப்பினார். வண்டு ஓடியது. அணில் வந்தது. அணிலை விரட்டப் போன நேரத்தில் காக்கை வந்தது. காக்கையை அடிக்கக் கல்லெடுக்கக் குனிந்தார். மாசக்கணக்கில் எட்டிப்பார்க்காத மழை சடசடவென்று முதுகில் கொட்டியது.

"நனைஞ்சிருச்சா? குலுக்கையில கொட்டி வேப்பிலை போட்டு மூடுங்க கொழுந்தனாரே" என்றாள் அடுத்த வீட்டுச் சோணையம்மாள்.

ஒரு கிளையையே ஒடித்துவந்து, தானியம் கொட்டிவைக்கும் மண் குலுக்கைக்குள் திணித்தார். சில நாள் கழித்துத் திறந்தால், கடலைக்கு நரைமுடி முளைத்திருந்தது.

"காய்ஞ்ச இலையில்ல போடணும்? கடலையையும் காயவச்சிட்டில்ல மூடணும்?"

"நீங்க வேப்பிலைன்னு மட்டுந்தானே சொன்னீக மதினி?"

"ஆம்பளைக்கு அதையுமா சொல்லணும்!"

நல்லதாகப் பொறுக்கினதில் ஒரு முறம் தேறியது. அதையாவது காப்பாற்ற, கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கெஞ்சிக் கேட்டு ஒரு சீமையெண்ணெய் டின் வாங்கிவந்து, கழுவி, அடைத்து, காற்றுப் புகாமல் மூடினார். காற்றுப் புகவில்லை. உள்ளே இருந்த எண்ணெய் வாடையும் வெளியே போகவில்லை. வாடை போகட்டுமென்று வறுத்தார், கடலை கரியாயிற்று. மாட்டுக்கு வைத்தார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுப்பங்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏ மீனம்மா, நீ எப்படித்தான் வச்சிருந்த? ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் செத்த அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை.

உமையாள் வருவதற்கு முந்தின நாள், காலிச் சாக்கோடு காரைக்குடிச் சந்தைக்குப் போனார். வலையபட்டிக்காரி கருப்பி கடலையைக் குவித்து வைத்திருந்தாள். கிணற்றுப் பாசனக் கடலை, அப்போதுதான் பறித்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டார். அதே ருசி. கண் கலங்கிவிட்டது.

"என்னண்ணே, சொத்தையா?"

"இல்லம்மா. அமராவதிபுதூர் மீனம்மா புருசன் நான். அவ செத்துப்போயிட்டா. கட்டிவச்சுட்டுப் போன கடலையை நான் பாழாக்கிட்டேன். புள்ளைத்தாச்சி மக கேக்குறா. இதைக் கொண்டுபோயி, உங்காத்தா வச்சதுதான்னு பொய் சொல்லப் போறேன்."

கருப்பி கையிலிருந்த படியைக் கீழே வைத்தாள். "அக்கா போயிட்டாகளா?" என்று கேட்டாள். பிறகு அவர் சாக்கை வாங்கி, அளக்காமலே அள்ளிப் போட்டுக் கட்டினாள்.

"தைரியமாக் கொண்டுபோயி மககிட்டக் குடுங்கண்ணே. அதுல பொய்யே இல்ல. நீங்க ஊரெல்லாம் பெருமை பேசுறீகளேன்னு, வண்டு விழுந்ததை மறைச்சுட்டு, வருசா வருசம் அக்கா வாங்கிட்டுப் போயி உங்க மூட்டையில கட்டிவச்சது எங்க கடலையைத்தான்."